“படத்தைப் பார்க்காதே, எழுத்தைப் பார்” – வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் தவறு

சில வருடங்களுக்கு முன்னர் எனது தரம் 3 வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்து கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசித்து முடிப்பான். குரலும் நன்றாக இருக்கும். அவனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

ஒருநாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது தற்செயலாகப் பக்கத்தில் போய் நின்றேன். வாய் சொன்னது மூன்றாவது வரியை. விரல் இருந்தது ஐந்தாவது வரியில். சந்தேகம் வந்தது. அதே பாடத்திலிருந்த ஒரு வசனத்தின் சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். பிள்ளை கரும்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது கேட்டுக் கேட்டு முழுப் புத்தகத்தையும் மனனம் செய்திருந்தான்.

அடுத்த நாள் உம்மாவை வரவழைத்தேன். “வீட்டுல நல்லா வாசிக்கிற பிள்ளைதானே டீச்சர்?” என்று கேட்டார். வீட்டில் என்ன புத்தகங்கள் இருக்கின்றன என்று நான் கேட்டேன். பாடப் புத்தகங்கள் இருந்தன, பயிற்சிக் கொப்பிகள் இருந்தன. கதைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. அந்த உம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஏனெனில் எனது வகுப்பறையிலும் அதே நிலைமைதான். போதாததற்கு, பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் படத்தில் லயித்திருந்தால், “படத்தைப் பார்க்காதீங்க மகன், எழுத்தைப் பாருங்க” என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தவள் நான்.

அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான் சித்திரக் கதைப் புத்தகங்களைப் பற்றி நான் ஒழுங்காகத் தேடிப் படித்தேன். அதில் விளங்கிக்கொண்டவற்றைப் பெற்றோருக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

படம் என்ன வேலை செய்கிறது?

பிள்ளைகளுக்குப் படத்தோடு கற்பிப்பது புதிய விடயமல்ல. கொமேனியஸ் என்ற கல்வியாளர் உலகத்துப் பொருட்களைப் படங்களாக வரைந்து, பக்கத்தில் அவற்றின் பெயர்களையும் எழுதி 1658ஆம் ஆண்டிலேயே சிறுவர்களுக்காக ஒரு நூலை வெளியிட்டார். அதன் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது. பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த பொருளிலிருந்து, தெரியாத எழுத்துக்குப் பாலம் போட வேண்டும்.

ஆனால் நல்ல சித்திரப் புத்தகத்தில் படம் அதைவிடக் கூடுதலான வேலையைச் செய்கிறது. எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். நமது நாட்டின் சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதிய ‘குட ஹொரா’ என்ற குடை திருடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குடையையே கண்டிராத கிராமத்து மனிதர் ஒருவர் பட்டணத்துக்குப் போய் ஆசையோடு குடை வாங்கி வருகிறார். ஊர் வந்ததும் குடை களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. கடைசியில் திருடன் ஒரு குரங்கு என்று தெரிகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் அந்தக் கிராமத்து வீடுகளையும் மரங்களையும் மனிதர்களின் முகங்களையும் பார்க்கும் பிள்ளை, வாசிக்கத் தெரியாவிட்டாலும் கதையை ஊகிக்கத் தொடங்கிவிடும். யார் எடுத்திருப்பார், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கும். வாசிப்பின் உயிர் அந்தக் கேள்விதான். 2020இல் காலமான அந்த அம்மையார், கதையோடு படங்களையும் தானே வரைந்தவர். அவரது கதை பல மொழிகளுக்குப் போனதற்குப் படங்களும் ஒரு காரணம்.

இதில் ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தை மட்டும் பார்த்துச் சொல்லை ஊகிப்பது வாசிப்பு ஆகாது. படத்தில் பசு இருக்க, எழுத்தில் ‘மாடு’ என்று இருந்தால், ‘பசு’ என்று வாசிக்கும் பிள்ளை கதையை விளங்கியிருக்கிறது, எழுத்தை வாசிக்கவில்லை. அப்போது ஏசத் தேவையில்லை. “சரிதான், பசுதான் நிக்குது. ஆனா இந்தச் சொல் எந்த எழுத்துல தொடங்குது, பாருங்க” என்று சொன்னால் போதும். கருத்தைப் படம் தரட்டும், சொல்லை எழுத்து தரட்டும். இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதுதான் பிள்ளை வாசகனாகிறது.

தமிழ் எழுத்து பிள்ளைக்குத் தரும் சவால்கள்

தமிழில் 247 எழுத்துகள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எண்ணிக்கை பயமுறுத்தினாலும், உயிர்மெய்யில் ஓர் ஒழுங்கு இருப்பதால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சிரமம் வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, கொம்பு. ‘கெ’ என்ற எழுத்தில் கண் முதலில் காண்பது கொம்பை. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’ என்ற ஒலியை. ‘கொ’, ‘கோ’ என்பவற்றில் ஒரே உயிரின் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் பின்னால் இருப்பதை முதலில் சொல் என்கிறோம். நமது பிள்ளைகள் அதே வயதில் மக்தபில் வலமிருந்து இடமாக அரபு எழுத்துகளையும் கற்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். ‘கல்’, ‘பகல்’, ‘பங்கு’ மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ‘க’ மூன்று விதமாக ஒலிக்கும். பெரியவர்களுக்கு இது தெரிவதே இல்லை. பிள்ளைக்குத் தெரியும்.

மூன்றாவது, சொல் உருமாறுவது. ‘மரம்’ என்ற சொல்லை அடையாளம் காணப் பழகிய பிள்ளை, ‘மரத்திலிருந்து’ என்ற சொல்லில் மரத்தைத் தேடிக் களைத்துப் போகும். ‘வந்துகொண்டிருந்தபோது’ என்று ஒரு சொல் வந்தால், சொல்லின் வாலுக்கு வருவதற்குள் தலை மறந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து, படிப்படியாகக் கடினமாகும் நிறையப் புத்தகங்கள். பாடப் புத்தகம் ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அந்தப் பிள்ளைக்கு நடந்தது போல மனனமாகிவிடும். அதே சொற்கள் வேறு வேறு கதைகளில், வேறு வேறு படங்களோடு வரும்போதுதான் எழுத்தை வாசிக்க வேண்டிய தேவை உண்டாகிறது.

எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்?

‘சிறுவர் நூல்’ என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க முடியாது. பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை முதல் 2 வயது வரை தடித்த மட்டையில் அச்சான புத்தகங்கள். ஒரு பக்கத்தில் ஒரு பொருள், ஒரு சொல். பிள்ளை கடிக்கும், எறியும். அதற்காகத்தான் மட்டை.

3 முதல் 5 வயது வரை பெரியவர் வாசித்துக் கொடுக்கும் சித்திரக் கதைகள். இங்கே சொற்கள் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பாதகமில்லை, வாசிப்பவர் நீங்கள். எழுத்தே இல்லாத, படங்களால் மட்டும் கதை சொல்லும் புத்தகங்களும் இந்த வயதுக்கு மிக நல்லவை. எழுத வாசிக்கத் தெரியாத மூத்தம்மாவும் பேரப்பிள்ளையும் சரிசமமாக உட்கார்ந்து ‘வாசிக்க’ முடிந்த புத்தகம் அது ஒன்றுதான்.

5 முதல் 7 வயது வரை, பிள்ளை தானாக வாசிப்பதற்கென்றே எழுதப்பட்ட புத்தகங்கள். ஒரு பக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு சிறு வசனங்கள், பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்கள். உதாரணமாக ஒரு பக்கத்தில் ‘மழை வந்தது. மாடு நனைந்தது’ என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘ஆடு நனைந்தது’. அதற்கடுத்து ‘கோழி நனைந்தது’. நான்காவது பக்கத்துக்கு வரும்போது ‘நனைந்தது’ என்ற சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். கடைசிப் பக்கத்தில் ‘தவளை சிரித்தது’ என்று முடித்தால், புதிய சொல்லை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடிக்கும் ஆசையும் வரும்.

7 வயதுக்கு மேல் சிறு அத்தியாயங்களாகப் பிரித்த, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒன்றிரண்டு படங்கள் உள்ள கதைகள்.

இந்த எளிய புத்தகங்களை எழுதுவது எளிது என்று நினைக்க வேண்டாம். 1957இல் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற ‘தொப்பி போட்ட பூனை’ கதையை டொக்டர் சூஸ் வெறும் 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து எழுதினார். பாடசாலை வாசிப்பு நூல்கள் சலிப்பூட்டுகின்றன, அதனால்தான் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற விமர்சனம் அங்கே எழுந்த காலம் அது.

கடையில் நின்று எப்படித் தெரிவு செய்வது? நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மடங்கினால் பிள்ளை தானாக வாசிக்கலாம். பக்கத்துக்கு ஒரு வசனம் மட்டுமே உள்ள புத்தகமென்றால் இரண்டு விரல் மடங்குவதே அதிகம்.

பள்ளியும் தாத்தாவும்

இலங்கையில் தமிழில் சிறுவர் நூல்கள் வெளிவராமல் இல்லை. ஆனால் நிறப் படங்களோடு அச்சிடச் செலவு அதிகம், தமிழ் வாசகர் தொகை குறைவு. ஆகவே குறைந்த பிரதிகளே அச்சாகின்றன, பிரதி குறையும்போது ஒரு புத்தகத்தின் விலை கூடுகிறது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. எனவே நமது கடைகளில் கிடைக்கும் சித்திரக் கதைகளில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றில் மிகத் தரமானவை உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் வரும். கதையில் ‘கண்ணன் பள்ளிக்குப் போனான்’ என்று இருக்கும். நமது பிள்ளைக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல். படத்திலோ புத்தகப் பையும் கரும்பலகையும். “பள்ளியில ஏன் டீச்சர் கரும்பலகை?” என்று ஒரு பிள்ளை என்னிடமே கேட்டிருக்கிறது. ‘தாத்தா’ என்று வெள்ளைத் தாடியோடு ஒருவரைப் போட்டிருப்பார்கள். நமது சில ஊர்களில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் தகப்பன்!

இது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. வாசிக்கத் தொடங்கும் பிள்ளை, தான் கூட்டி வாசித்த சொல் சரியா என்று தனது வீட்டுப் பேச்சோடு ஒப்பிட்டே உறுதிப்படுத்துகிறது. ‘உம்மா’, ‘வாப்பா’, ‘ராத்தா’, ‘நானா’ என்ற சொற்களை ஒருநாளும் அச்சில் காணாத பிள்ளைக்கு, வாசிப்பு என்பது வேறு யாருடையதோ வீட்டு விடயம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வரும். ஹஸ்னா, ஷஹீத், ஜஸீம் என்ற தனது சொந்தப் பெயரின் எழுத்துகள்கூட அந்த 247க்குள் இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஹ, ஷ, ஜ, ஸ என்ற கிரந்த எழுத்துகளை நமது பிள்ளைகள் முதல் நாளிலேயே தமது பெயரில் சந்திக்கிறார்கள். கதைப் புத்தகங்களில் அவை அபூர்வம்.

அதற்காகப் பிறருடைய கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. கண்ணனின் கதையையும் நிமாலியின் கதையையும் நமது பிள்ளை வாசிக்க வேண்டும், ஹஸ்னாவின் கதையை அவர்களும் வாசிக்க வேண்டும். ஆனால் ஹஸ்னாவின் கதையை எழுத வேண்டியவர்கள் நாம்தான். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் ‘அஸன்பேயுடைய கதை’ என்ற நாவலை வெளியிட்டவர் அறிஞர் சித்திலெப்பை. இலங்கைத் தமிழில் நாவலைத் தொடங்கி வைத்த சமூகத்துக்கு, பதினாறு பக்கச் சிறுவர் கதை எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது.

உருவப் படம் பற்றிய கேள்வி

சில பெற்றோர் சித்திரப் புத்தகம் வாங்காததற்கு வேறு காரணம் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது மார்க்கத்தில் கூடுமா என்ற தயக்கம். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நான் ஆலிமா அல்ல, தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவேன். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பொம்மைகளை வைத்து விளையாடியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, சிறுவர்களின் விளையாட்டுக்கும் கல்விக்கும் சலுகை உண்டு என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனதுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் புத்தகத்தையே கைவிடத் தேவையில்லை. மரங்கள், தோணிகள், வீடுகள், பழங்கள், மழை, கடல் என்று உருவமில்லாத படங்களோடு அழகான புத்தகங்கள் செய்ய முடியும். முகத்தில் கண் மூக்கு வரையாமல் விடும் முறையும் இருக்கிறது. நபிமார்களின் வரலாறுகளைச் சொல்லும் சிறுவர் நூல்கள் நபிமாரின் உருவத்தை வரையாமல் பாலைவனத்தையும் கப்பலையும் கிணற்றையும் வரைந்தே கதையை நகர்த்துகின்றன. ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். புத்தகத்தில் உருவம் கூடாது என்று சொல்லும் அதே வீட்டில், பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து கார்ட்டூன் பார்க்க விடுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

காசில்லாத வீட்டில் என்ன செய்யலாம்?

பிரதேச சபை, நகர சபை நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் மட்டும் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். மற்றப் பதினொரு மாதமும் அது திறந்துதான் இருக்கும்.

இணையத்தில் இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான சித்திரக் கதைகள், வாசிப்பு மட்டம் பிரித்து, இலவசமாக இருக்கின்றன. அவை திறந்த உரிமத்தில் வெளிவருபவை. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம், பகிரலாம், சொற்களை மாற்றவும் செய்யலாம். ‘பள்ளிக்குப் போனான்’ என்பதை ‘பாடசாலைக்குப் போனான்’ என்று மாற்றி நமது பிள்ளைகளுக்குக் கொடுக்க முறையான அனுமதியே இருக்கிறது. ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் ஒரு வகுப்புக்குத் தேவையான புத்தகங்களைத் தயார் செய்துவிடலாம்.

இன்னும் எளிய வழி, வீட்டிலேயே செய்வது. நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்துப் பின் அடித்தால் 16 பக்கப் புத்தகம். பிள்ளையே படம் வரையட்டும். ‘வாப்பா மீன் வாங்கினார்’, ‘உம்மா மீன் கழுவினார்’, ‘பூனை பார்த்தது’ என்று பக்கத்துக்கு ஒரு வசனம் நீங்கள் எழுதுங்கள். தன் வீட்டுக் கதையைப் பிள்ளை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மக்தபுக்கு வந்து போகும் இடத்தில் ஒரு சிறிய அலுமாரி வைக்கலாம். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பவர்கள் அதோடு ஒரு கதைப் புத்தகமும் கொடுக்கலாம். மரணித்தவர்களின் பெயரில் ஸதகதுல் ஜாரியா செய்ய நினைப்பவர்கள் இதையும் கருத்தில் எடுக்கலாம்.

எப்படி வாசித்துக் கொடுப்பது?

பதினைந்து நிமிடம் போதும். தொலைபேசி பக்கத்தில் இருக்கக் கூடாது. முதலில் அட்டையைக் காட்டி, இது என்ன கதையாக இருக்கும் என்று கேளுங்கள். வாசிக்கும்போது விரலைச் சொல்லின் கீழே நகர்த்துங்கள். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தித் திருத்தாதீர்கள், கருத்து மாறும் பிழையை மட்டும் திருத்துங்கள். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் வாசியுங்கள். நடுவில் வாசிப்பை நிறுத்தி அடுத்த சொல்லைப் பிள்ளையைச் சொல்ல விடுங்கள். எந்த எழுத்தை வைத்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது என்றும் இடையிடையே கேளுங்கள். முடிந்ததும் பரீட்சை போலக் கேள்வி கேட்க வேண்டாம்.

அந்த மாணவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். முன்பள்ளிப் புத்தகம் ஒன்றை அவனிடம் கொடுத்தபோது முகம் சுருங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்னப் பிள்ளைகளின் புத்தகம் அவமானம். ஆகவே மறுநாள் வேறு விதமாகச் சொன்னேன். “உங்கட தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க வீட்டுல பழகிட்டு வாசிச்சுக் குடுங்களேன்” என்றேன். வாங்கிக்கொண்டான். வாரத்துக்கு இரண்டு புத்தகம் என்று கொண்டு போனான். இரண்டாம் தவணை முடிவில் ஒருநாள் ஓடி வந்து, “டீச்சர், இந்தப் புத்தகத்துல ஒரு பிழை இருக்கு” என்று காட்டினான். ‘வெள்ளம்’ என்பதில் ஒரு ‘ள்’ விடுபட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பல தடவை வாசித்திருந்தும் கவனிக்கவில்லை.

வாசிப்பைக் கட்டளையாகக் கொண்டு தொடங்கிய வஹீயைப் பெற்ற உம்மத் நாம். புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தரம் 4இலேயே பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னர், பிள்ளை மடியில் உட்கார்ந்திருக்கும் காலத்தில், ஒரு சித்திரக் கதைப் புத்தகத்தை விரித்து வைப்போம். படத்தைப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். இன்ஷா அல்லாஹ், எழுத்துக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.